டிஸ்டன்ஸ் டிரைவர் வாங்கும் முன்: உங்கள் கை வேகத்துக்கு எது பொருந்தும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்க் கோல்ஃப் ஆடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் வரும் ஆசை, இன்னும் தூரம் வீச வேண்டும் என்பது. கடைக்குப் போனால் அதற்கென்றே ஒரு சுவர் முழுக்க டிஸ்டன்ஸ் டிரைவர் தொங்குகிறது. அதில் எதை எடுப்பது, எதை இப்போதைக்கு அங்கேயே விட்டுவருவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள்.

விளையாட்டே புதிது என்பவர்களுக்கு ஒரு வரி. கோல்ஃப் விதிகள்தான், ஆனால் பந்துக்குப் பதில் டிஸ்க், குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. டீயிலிருந்து, அதாவது முதல் வீச்சு வீசும் இடத்திலிருந்து, நெடுந்தூரம் வீச டிரைவர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கூடைக்குப் பக்கத்தில் பட்டர். டிரைவரிலேயே இரண்டு வகை. ஸ்பீடு 6 முதல் 8 வரை உள்ளவை ஃபேர்வே டிரைவர். 10க்கு மேல் டிஸ்டன்ஸ் டிரைவர். 9 இரண்டுக்கும் நடுவில் நிற்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும்.

கீழே வலது, இடது என்று சொல்வதெல்லாம் வலது கையால் பேக்ஹேண்ட் வீசுபவருக்கு. அமெரிக்க மைதானங்களின் பலகைகளில் தூரம் அடியில்தான் இருக்கும் என்பதால் நானும் அடியிலேயே சொல்கிறேன். 300 அடி என்பது 91 மீட்டர் சொச்சம்.

டிஸ்க் மேல் அச்சடித்திருக்கும் நான்கு எண்கள் என்ன சொல்கின்றன?

வரிசைப்படி ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடு. இன்னோவா நிறுவனத்தின் முறை இது. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் இதையே பின்பற்றுகின்றன. இன்னோவாவின் பிரபலமான டெஸ்ட்ராயரை எடுத்துக்கொள்வோம்: 12, 5, -1, 3. ஸ்பீடு 12. கிளைடு 5, அதாவது காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. டர்ன் -1 என்றால், வேகமாகப் போகும் முற்பாதியில் வலப்பக்கம் லேசாகச் சாயும். -3, -4 என்று போகப் போக அந்தச் சாய்வு கூடும். ஃபேடு 3 என்றால், வேகம் அடங்கும் கடைசிக் கட்டத்தில் இடப்பக்கம் நன்றாகவே வளைந்து விழும்.

டர்ன் இல்லாமல் ஃபேடு மட்டும் அதிகமாக இருந்தால் ஓவர்ஸ்டேபிள் என்பார்கள். டர்ன் அதிகமாகவும் ஃபேடு குறைவாகவும் இருந்தால் அண்டர்ஸ்டேபிள். கடைக்காரரிடம் பேச இந்த இரண்டு சொல் தெரிந்தால் போதும்.

ஸ்பீடு 12 என்றால் அந்த டிஸ்க் வேகமாகப் போகும் என்றுதானே பொருள்?

இல்லை, குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. டிஸ்குக்கு எஞ்சின் கிடையாது. கையை விட்டுப் போகும்போது என்ன வேகமோ அதுதான் அதன் உச்சம், அப்புறம் குறையத்தான் செய்யும். ஸ்பீடு எண் சொல்வது, மற்ற மூன்று எண்களும் சொல்கிறபடி பறக்க இந்த டிஸ்க் உங்கள் கையிடம் எவ்வளவு வேகம் கேட்கிறது என்பதை. கேட்டதைக் கொடுத்தால் அது அந்த வேகத்தை நன்றாகக் காப்பாற்றிக்கொண்டு போகும். கொடுக்காவிட்டால் டர்ன் என்று போட்டிருப்பது நடக்கவே நடக்காது; ஃபேடு மட்டும் முன்கூட்டியே வந்து நிற்கும்.

எண்ணுக்குப் பின்னால் இருப்பது ரிம்மின், அதாவது விரலால் பிடிக்கும் வெளிவளையத்தின் அகலம். ரிம் அகலமாகி, விளிம்பு கூர்மையாக ஆக, காற்றின் தடை குறைகிறது. 1983இல் இன்னோவாவின் டேவ் டனிபேஸ், விளிம்பைச் சரிவாகச் செதுக்கிய ஈகிள் என்ற டிஸ்கைக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஃப்ரிஸ்பீயில் இருப்பது போன்ற மழுங்கிய விளிம்புதான். இன்றைய டிரைவர் எல்லாம் அந்த ஈகிளின் வழித்தோன்றல்கள். போட்டிகளை நடத்தும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏ, ரிம் அகலம் 2.6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. டெஸ்ட்ராயரின் ரிம் சுமார் 2.2 செ.மீ. 13, 14 ஸ்பீடு டிஸ்குகள் அந்த வரம்பை ஒட்டியே போகின்றன.

இதில் பலர் கவனிக்காத ஒன்று விரல் நீளம். ரிம் அகலமானால் விரல் நுனி உள்சுவரை அழுத்திப் பிடிக்க எட்டாது. சிறிய கை உள்ளவர்களுக்கு 13 ஸ்பீடு டிஸ்க் நழுவும். வேகம் இருந்தாலும் அது டிஸ்குக்குப் போய்ச் சேராது. வாங்கும் முன் கடையிலேயே இறுக்கிப் பிடித்துப் பாருங்கள்.

என் கை வேகத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் செலவழிக்கத் தயார் என்றால் ரேடார் கருவி உண்டு. டிஸ்கின் நடுவில் ஒட்டிக்கொள்ளும் டெக்டிஸ்க் மாதிரி சென்சாரும் உண்டு. அது வேகத்தோடு சுழற்சி, மூக்குச் சாய்வு (முன் விளிம்பு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பது), தள்ளாட்டம் எல்லாம் சொல்லும். சில கடைகளில் வலை கட்டி இதை வைத்திருக்கிறார்கள், நாலைந்து வீச்சு வீசிப் பார்க்கலாம்.

செலவில்லாத வழி, கையில் இருக்கும் போன். நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோமோஷன் வேண்டும். டிஸ்க் பறக்கும் கோட்டுக்கு நேர் கீழே, நீங்கள் கைவிடும் இடத்துக்குச் சற்று முன்னால், மூன்று மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்கள். போனைப் பக்கவாட்டில் தள்ளி, இரண்டு குச்சிக்கும் நடுவே பார்க்கும்படி வையுங்கள். முதல் குச்சியிலிருந்து இரண்டாவது குச்சி வரை டிஸ்க் எத்தனை ஃபிரேமில் கடக்கிறது என்று எண்ணி, 2592ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 40 ஃபிரேம் என்றால் மணிக்கு 65 கி.மீ., 32 என்றால் 81, 27 என்றால் 96, 23 என்றால் 113. ஓரிரு கிலோமீட்டர் பிசகலாம். டிஸ்க் தேர்ந்தெடுக்க அந்தத் துல்லியம் போதும்.

இதுவும் வேண்டாம் என்றால் தூரத்தையே அளந்துவிடுங்கள். அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடு வரை சரியாக 300 அடி. அளவு நாடாவே தேவையில்லை. இல்லையென்றால் யூடிஸ்க் செயலியில் வீச்சை அளக்கும் வசதி இருக்கிறது. காற்றில்லாத நாளில், சமதளத்தில், கையில் இருக்கும் ஃபேர்வே டிரைவரால் வீசுங்கள். ஒரே ஒரு வீச்சு அதிசயமாகப் போய் விழுந்திருக்கும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பெரும்பாலானவை எங்கே கூட்டமாக விழுந்து கிடக்கின்றனவோ அதுதான் உங்கள் தூரம்.

தோராயமான கணக்கு: சுத்தமாகக் கைவிடும் வீச்சு மணிக்கு 65 கி.மீ. என்றால் 200 அடி சுமாருக்குப் போகும். 80 கி.மீ. என்றால் 270 முதல் 300. 97 கி.மீ. என்றால் 350 முதல் 400. 113 கி.மீ.யைத் தொட்டால் 450 அடிப் பக்கம். உங்கள் வேகத்துக்கு வர வேண்டிய தூரம் வரவில்லை என்றால், குறை டிஸ்கில் இருக்க வாய்ப்பில்லை. மூக்குச் சாய்வு பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

சரி, எந்த வேகத்துக்கு எந்த டிஸ்க்?

250 அடிக்குள் வீசுபவருக்கு டிஸ்டன்ஸ் டிரைவரே வேண்டாம். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் இன்னோவாவின் லெப்பர்டும் (6, 5, -2, 1) லாட்டிட்யூட் 64இன் ரிவரும் (7, 7, -1, 1) இவர்கள் கையில் டெஸ்ட்ராயரைவிடத் தூரம் போகும், நேராகவும் போகும். அதே லாட்டிட்யூடின் டயமண்ட் (8, 6, -3, 1) எடை குறைவாகவே வார்க்கப்படுவது. புதியவருக்கென்றே செய்தது மாதிரி இருக்கும்.

250க்கும் 300க்கும் நடுவில் இருப்பவர்கள் 9 ஸ்பீடுக்கு வரலாம். ஆனால் டர்ன் -2 அல்லது அதற்கும் கீழே இருக்கட்டும். இன்னோவாவின் சைட்விண்டர் (9, 5, -3, 1), டிஸ்க்ராஃப்டின் ஹீட் (9, 6, -3, 1) இரண்டும் இதற்கு அருமை. வால்கிரி (9, 4, -2, 2) கொஞ்சம் கடைசியில் வளையும், பரவாயில்லை. இதே 9 ஸ்பீடில் ஃபயர்பேர்ட் (9, 3, 0, 4) என்று ஒன்று இருக்கிறது. ஸ்பீடு எண்ணை மட்டும் பார்த்து அதை எடுத்துவிட்டால் ஒவ்வொரு வீச்சும் இடப்பக்கப் புதருக்குள்தான். ஆகவே ஸ்பீடைப் பார்த்த கண் உடனே டர்னுக்கும் ஃபேடுக்கும் போக வேண்டும்.

300ஐத் தாண்டி 350 வரை: 11 ஸ்பீடு. எம்விபியின் வேவ் (11, 5, -2, 2) நல்ல தொடக்கம். ரெய்த் (11, 5, -1, 3) அதைவிடக் கொஞ்சம் முரடு. 12 ஸ்பீடே வேண்டும் என்று அடம்பிடித்தால் இன்னோவாவின் டெர்ன் அல்லது டிஸ்க்ராஃப்டின் ஹேடிஸ். இரண்டுக்கும் 12, 6, -3, 2 என்று ஒரே எண்கள். 12 ஸ்பீடிலும் மென்மையானவை உண்டு என்பதற்கு இவை சாட்சி.

டெஸ்ட்ராயர், டிஸ்க்ராஃப்டின் ஜீயஸ் (12, 5, -1, 3) எல்லாம் 350ஐச் சுலபமாகத் தாண்டுபவருக்கு. பாஸ், நியூக் மாதிரி 13 ஸ்பீடு (13, 5, -1, 3) 400 அடிக்காரர்களின் சாமான். 13இல் ஷ்ரைக் (13, 6, -2, 2) மட்டும் விதிவிலக்கு, சற்றுக் குறைந்த வேகத்திலும் மிதக்கும்.

இந்த எல்லைக் கோடுகள் கல்லில் செதுக்கியவை அல்ல. 320 அடி வீசுபவர் ஒரு டெஸ்ட்ராயரை எதிர்காற்றுக்கென்று பையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். அதையே எல்லா டீயிலும் எடுப்பதுதான் வம்பு.

கை வேகம் போதாமல் வேகமான டிரைவரை வீசினால் உண்மையில் என்ன நடக்கிறது?

வலது கை பேக்ஹேண்டில் டிஸ்க், மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழல்கிறது. காற்று அதைத் தூக்கிப் பிடிக்கும் விசையின் மையம் டிஸ்கின் நடுப்புள்ளியிலேயே இருப்பதில்லை, முன்னும் பின்னும் நகர்கிறது. டிஸ்க் வேகமாக, காற்றைத் தட்டையாக அறுத்துக்கொண்டு போகும்போது அந்த மையம் பின்னால் போய் மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கும். சுழலும் பொருளைத் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாமல் கால் சுற்றுத் தள்ளிச் சாயும் அல்லவா? அதனால் மூக்கு இறங்குவதற்குப் பதில் டிஸ்க் வலப்பக்கம் சாய்கிறது. இதுதான் டர்ன். வேகம் குறைந்ததும் டிஸ்க் இறங்கத் தொடங்குகிறது, காற்று அடிப்பக்கத்திலிருந்து வந்து மோதுகிறது, விசையின் மையம் முன்னால் வருகிறது. இப்போது மூக்கை மேலே தூக்கப் பார்க்கும், டிஸ்க் இடப்பக்கம் சாயும். இதுதான் ஃபேடு. சுழற்சி குறையும் பம்பரம் தலையாட்டத் தொடங்குவது மாதிரி, டிஸ்கும் சுழற்சி இளைக்க இளைக்க இந்த விசைகளுக்கு அதிகம் இடம் கொடுக்கிறது.

வேகமான டிரைவரின் வடிவம், அதிக வேகத்தில் டர்னும் ஃபேடும் ஒன்றையொன்று சமன் செய்யும்படி அமைந்தது. நீங்கள் மணிக்கு 75 கி.மீ.யில் வீசினால் டர்ன் கட்டம் வருவதே இல்லை, நேரே ஃபேடு கட்டத்தில் தொடங்குகிறது. 180, 200 அடி போனதும் இடப்பக்கம் கவிழ்ந்து, தரையைக் கொத்திக்கொண்டு வழுக்கும். ஆங்கில எஸ் எழுத்து மாதிரி வலம் போய் இடம் வரும் அந்த நீண்ட பாதைதான் தூரத்தின் ரகசியம். அதில் பாதி வெட்டுப்பட்டுப் போகிறது.

ஆனால் என் 13 ஸ்பீடு டிஸ்க்தான் எனக்கு அதிக தூரம் போகிறது. அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

எவ்வளவு அதிகம் என்பதுதான் கேள்வி. ஃபேர்வே டிரைவரையும் அதையும் மாற்றி மாற்றி வீசி அளந்து பாருங்கள். 30 அடிக்கு மேல் வித்தியாசம் வந்தால், பக்கவாட்டில் சிதறாமலும் விழுந்தால், சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள். 10 அடிதான் கூடுகிறது, அதுவும் தரையில் வழுக்கிக் கிடைக்கிறது என்றால் அந்த 10 அடிக்காக நீங்கள் கொடுக்கும் விலை பெரியது. இடப்பக்க வளைவைச் சமாளிக்க டிஸ்கை வலப்பக்கம் சாய்த்து, மேல் நோக்கி, உடம்பையும் சாய்த்து வீசும் பழக்கம் வந்துவிடும். அது மற்ற எல்லா டிஸ்கையும் கெடுக்கும். பின்னால் அதைக் கழற்றுவது பெரும்பாடு.

ஃபேர்வேயும் டிஸ்டன்ஸ் டிரைவரும் ஒரே இடத்தில் விழுந்தால், டிஸ்டன்ஸ் டிரைவரை வீட்டில் வையுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான சோதனை கிடையாது.

மூக்குச் சாய்வு என்கிறார்களே, அது என்ன அவ்வளவு முக்கியமா?

டிஸ்கைவிட முக்கியம். கைவிடும் நொடியில், பறக்கும் திசையோடு ஒப்பிட்டால் டிஸ்கின் முன் விளிம்பு மேலே தூக்கியிருக்கிறதா, சமமாக இருக்கிறதா என்பதுதான் மூக்குச் சாய்வு. சில டிகிரி தூக்கியிருந்தாலே டிஸ்க் மேலே ஏறி, வேகத்தை எல்லாம் அங்கேயே இழந்து, இடப்பக்கம் சரிந்து விழும். பார்ப்பவர், வேகம் போதவில்லை என்பார். வீசியவர், டிஸ்க் ஓவர்ஸ்டேபிள் என்பார். இரண்டும் இல்லை. கூர்மையான, அகலமான ரிம் உள்ள டிஸ்க் இந்தத் தவறை மன்னிப்பதும் குறைவு. பட்டரில் தெரியாத குறை டிஸ்டன்ஸ் டிரைவரில் அப்பட்டமாகத் தெரியும்.

திருத்தத்தை மணிக்கட்டில் தொடங்குங்கள். பிடிக்கும்போது டிஸ்கின் மூக்கு முன்கையின் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி மணிக்கட்டை இறக்கி வைத்து, அப்படியே இழுத்து வீசிப் பாருங்கள். உடல் எடையும் முன்காலுக்கு வந்துவிட்டிருக்க வேண்டும். பின்னங்காலிலேயே சாய்ந்து நின்றால் மூக்கு தூக்கத்தான் செய்யும். புது டிஸ்க் வாங்கும் பணத்தை வைத்துக்கொண்டு முதலில் இதைச் சரிசெய்து பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்கிலேயே தூரம் கிடைக்கும்.

அண்டர்ஸ்டேபிள் டிஸ்க் வாங்கினேன், அது வலப்பக்கம் கவிழ்ந்து உருண்டு போகிறது. இது தப்பான டிஸ்கா?

அநேகமாக நல்ல செய்தி: உங்கள் வேகம் கூடியிருக்கிறது. டிஸ்கைத் தூக்கிப் போட வேண்டாம். வெளி விளிம்பு தாழ்ந்திருக்கும்படி, அதாவது ஹைசர் கோணத்தில் கைவிடுங்கள். அதே வேகத்தில் அது மெல்ல நிமிர்ந்து சமமாகி, நீண்ட தூரம் நேராகப் போய், கடைசியில் கொஞ்சம் இடம் வரும். இதை ஹைசர் ஃபிளிப் என்பார்கள். நடுத்தர வேகத்தில் வீசும் ஆட்டக்காரருக்குத் தூரம் கொடுக்கும் வீச்சு இதைப்போல் வேறில்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம். தோளைச் சுற்றிக் கொண்டுவந்து, கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பினாலும் எந்த டிஸ்கும் வலப்பக்கம் கவிழும். ஹைசரில் வீசியும் கவிழ்கிறது என்றால் வீடியோ எடுத்துப் பாருங்கள்.

எடை எவ்வளவு இருக்க வேண்டும்?

பிடிஜிஏ விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரைதான் அனுமதி. பெரும்பாலான டிரைவர்களின் விட்டம் 21.1 செ.மீ., ஆகவே உச்ச எடை 175.1 கிராம். கடையில் 150 முதல் 175 வரை கிடைக்கும்.

எடை குறைந்தால் கையை வேகமாகச் சுழற்றலாம், அதே வார்ப்பு சற்று அண்டர்ஸ்டேபிளாகவும் நடந்துகொள்ளும். மணிக்கு 80 கி.மீ.க்குள் வீசுபவர் 175 எடுக்க ஒரு காரணமும் இல்லை. 155 முதல் 165 வரை தேடுங்கள். காற்று வீசும் இடத்தில் ஆடுபவர் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், இலேசான டிஸ்கைக் காற்று இஷ்டத்துக்கு அலைக்கழிக்கும். இன்னோவாவின் பிளிஸார்ட் பிளாஸ்டிக்கில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் கலந்திருக்கும். அகல ரிம் உள்ள டிரைவரையும் அதனால் எடை குறைத்து வார்க்க முடிகிறது.

ஒரே பெயர், மூன்று விலை. பிளாஸ்டிக்கில் என்ன வித்தியாசம்?

இன்னோவாவில் டிஎக்ஸ் மலிவு, பிடி நன்றாக இருக்கும், சீக்கிரம் தேயும். ஸ்டார், சேம்பியன் விலை கூட, மரத்தில் மோதினாலும் நெடுநாள் தாங்கும். மற்ற நிறுவனங்களிலும் இதே படிக்கட்டு வேறு பெயர்களில் இருக்கும். பறப்பதிலும் மாற்றம் உண்டு: ஒரே வார்ப்பு சேம்பியனில் டிஎக்ஸைவிட ஓவர்ஸ்டேபிளாக வருவது வழக்கம்.

தேய்ந்த டிஸ்க் அண்டர்ஸ்டேபிளாக மாறும். வேகம் குறைந்தவருக்கு இது வரப்பிரசாதம். நாலு வருடம் மரத்தில் அடிவாங்கிய ஒருவரின் பழைய ரெய்த், புது ரெய்த்தைவிட உங்களுக்கு நன்றாகப் பறக்கும், பாதி விலைக்கும் கிடைக்கும். பழைய டிஸ்க் பெட்டியை ஒருமுறை கிளறாமல் கடையை விட்டு வராதீர்கள்.

ஒரு நிறுவனத்தின் 11ம் இன்னொன்றின் 11ம் ஒன்றுதானா?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பிடிஜிஏ விட்டம், எடை, ரிம் அகலம், வளையும் தன்மை போன்றவற்றை மட்டுமே சோதித்து அங்கீகரிக்கிறது. பறக்கும் எண்களை ஒவ்வொரு நிறுவனமும் தானே போட்டுக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் ஒரே வார்ப்பில்கூட ஒரு தடவை வார்த்தது மேலே புடைத்தும், அடுத்த தடவை தட்டையாகவும் வரும். புடைத்தது கூடுதலாக மிதக்கும். அதனால் கடையில் ஒரே பெயரில் ஐந்து தொங்கினால் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள், கண்ணுக்கு நேரே வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். புதியவர் புடைத்ததை எடுப்பது நல்லது.

காற்றும் உயரமும் கணக்கை மாற்றுமா?

டிஸ்குக்குத் தெரிவது காற்றோடு ஒப்பிட்ட வேகம்தான். எதிர்காற்றில் அந்த வேகம் கூடுகிறது, எனவே எல்லா டிஸ்கும் அதிகம் டர்ன் ஆகும். எதிர்காற்றுக்கு ஓவர்ஸ்டேபிளாக ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பின்காற்றில் நேர்மாறு: டர்ன் ஆக மறுக்கும், சீக்கிரம் இடம் வளையும். அங்கே அண்டர்ஸ்டேபிளாக எடுத்துக் கொஞ்சம் உயர்த்தி வீச வேண்டும்.

டென்வர் மாதிரி 1,600 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. கடலோரத்தில் நேராகப் போன டிஸ்க் அங்கே இடப்பக்கம் முந்திக்கொள்ளும். மலைப்பக்கம் போகும்போது வழக்கத்தைவிட ஒரு படி மென்மையான டிஸ்கை எடுத்துப் போங்கள்.

ஃபோர்ஹேண்ட் வீசுபவருக்கும் இதே கணக்குதானா?

முழுக்க இல்லை. ஃபோர்ஹேண்டில் சுழற்சி பொதுவாகக் குறைவு, கைவிடும்போது தள்ளாட்டம் அதிகம். தள்ளாடும் டிஸ்க் சட்டென்று கவிழும். அதனால் ஃபோர்ஹேண்டுக்கு ஒரு படி ஓவர்ஸ்டேபிளாக எடுப்பதே நல்லது: தண்டர்பேர்ட் (9, 5, 0, 2), இன்னும் முரடாக வேண்டுமென்றால் முன்னால் எச்சரித்த அதே ஃபயர்பேர்ட். அகல ரிம்மை ஃபோர்ஹேண்டில் இரண்டு விரலால் பிடிப்பது பலருக்குச் சுலபமாகவும் இருக்கிறது. பேக்ஹேண்டில் உதவாமல் கிடக்கும் டெஸ்ட்ராயர் இங்கே பிழைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் எல்லோரும் 12, 13தானே வீசுகிறார்கள்?

அவர்கள் கை வேறு. சைமன் லிஸோட் 2014இல் மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் வீசிச் சாதனை படைத்தார். 2016இல் நெவாடாவின் பிரிம் பாலைவனத்தில், பின்காற்றைப் பயன்படுத்தி டேவிட் விகின்ஸ் ஜூனியர் வீசிய டிஸ்க் 338 மீட்டர் போய் விழுந்தது. பாஸும் நியூக்கும் இந்த மாதிரிக் கைகளுக்கு.

அவர்களும் எந்நேரமும் டிஸ்டன்ஸ் டிரைவரையே எடுப்பதில்லை. 2021 உலக சாம்பியன்ஷிப்பில், யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில், ஜேம்ஸ் கான்ராட் கடைசிக் கூடையில் 247 அடியிலிருந்து நேரே உள்ளே போட்டுப் பால் மெக்பெத்தோடு சமன் செய்து, கூடுதல் ஆட்டத்தில் பட்டமும் வென்றார். அந்த 247 அடி வீச்சுக்கு அவர் எடுத்தது பட்டர்.

எத்தனை டிஸ்டன்ஸ் டிரைவர் வேண்டும்?

முதல் வருடம் ஒன்று. அதையே இரண்டாக வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. ஒன்று குளத்தில் போனால் பழக்கம் கெடாது. டிஸ்கின் அடிப்பக்கத்தில் போன் எண்ணை எழுதிவைக்க மறக்காதீர்கள், கண்டெடுப்பவர்கள் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். நிறத்தில் இளஞ்சிவப்போ ஆரஞ்சோ எடுங்கள். பச்சை டிஸ்க் எவ்வளவு அழகாக இருந்தாலும் புல்லில் அரைமணி நேரம் தேட வைக்கும்.

அடுத்த ஸ்பீடுக்கு எப்போது போகலாம்?

இப்போதிருக்கும் டிஸ்க் அதன் எண்கள் சொல்கிறபடி பறக்கத் தொடங்கிய பிறகு. சைட்விண்டரைச் சமமாகக் கைவிட்டால் அது வலப்பக்கம் நன்றாகச் சாய வேண்டும், ஹைசரில் விட்டால் நிமிர வேண்டும். இரண்டும் வழக்கமாக நடந்தால் 11க்குப் போங்கள். 9இலிருந்து நேரே 13க்குத் தாவ வேண்டாம். போகும்போது ஸ்பீடைக் கூட்டுங்கள், டர்னை -2 அல்லது அதற்கும் கீழேயே வைத்திருங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் கடினமாக்கினால் எது தடுக்கிறது என்றே தெரியாமல் போகும்.

இடது கைக்காரருக்குத் தனி டிஸ்க் உண்டா?

கிடையாது. அதே டிஸ்க்தான், பாதை மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பும்: டர்ன் இடப்பக்கம், ஃபேடு வலப்பக்கம். வலது கைக்காரர்கள் திணறும் வலவளைவுப் பாதைகளில் நீங்கள் ஒரு 9 ஸ்பீடு டிஸ்கின் ஃபேடை வைத்தே சுலபமாகத் தப்பிக்கலாம்.